முனியாண்டி கோயிலைச் சுற்றிப் போன கேபிள்

கரண்டு போனதும் நாம் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். சன்னலைத் திறந்து பக்கத்து வீட்டைப் பார்ப்போம். அங்கே விளக்கு எரிந்தால் வயிறு கலங்கும். அங்கேயும் இருட்டு என்றால், "எல்லாருக்கும்தான் போயிருக்கு" என்று ஒரு நிம்மதியோடு மெழுகுவர்த்தியைத் தேடப் போவோம்.

அந்த எட்டிப் பார்க்கும் வேலையைத்தான் நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சம்பளத்துக்குச் செய்தேன். கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று வட சிலாங்கூர் முழுக்க அலைந்திருக்கிறேன். மின்கம்பியிலோ மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளிலோ பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்வது என் தொழில். தோட்ட நிர்வாகங்களும் செம்பனை ஆலைகளும் கூப்பிட்டால் ஓடும் ஒரு குத்தகை நிறுவனத்தில் இருந்தேன்.

போகும் இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஒரு கம்பியைச் சரி செய்ய ஏன் இத்தனை மணி நேரம்?" நியாயமான கேள்வி. ஆனால் கம்பியைச் சரி செய்யும் நேரம் வேறு, எந்தக் கம்பி, எந்த இடம் என்று கண்டுபிடிக்கும் நேரம் வேறு. அந்த இரண்டாவது நேரம்தான் நம் மக்களுக்குத் தெரிவதில்லை. அதிலும் பட்டணத்துக்காரர்களைவிடத் தோட்டத்து மக்களுக்குத்தான் அது நீளமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

வளையமும் வாலும்

நம் வட்டாரத்துக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பலரும் காப்பாரைக் காட்டுவார்கள். கோல சிலாங்கூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் வழியில் தெரியும் அந்தப் புகைபோக்கிகள், சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின் நிலையத்துடையவை. உண்மையில் தீபகற்பத்தின் மின் நிலையங்கள் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருக்கின்றன. உயரமான இரும்புக் கோபுரங்கள் வழியாக லட்சக்கணக்கான வோல்ட்டில் வரும் மின்சாரம் 33,000, பிறகு 11,000, கடைசியில் நம் வீட்டுக்கு 230 வோல்ட் என்று படிப்படியாக இறங்குகிறது.

பெரிய வலை அறுந்தால் என்ன ஆகும் என்பது 1996 ஆகஸ்ட் 3ஆம் தேதி சனிக்கிழமை மாலை தெரிந்தது. திரெங்கானுவில் பாக்கா மின் நிலையத்தின் பக்கம் தொடங்கிய ஒரு கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கிவிட்டது. அன்று சன்னலைத் திறந்து பார்த்தவர்களுக்குக் கோலாலம்பூரும் இருட்டுத்தான். அப்படிப்பட்ட நாள் அபூர்வம். நாம் சாதாரணமாகப் படும் மின்தடைகளில் பெரும்பாலானவை கடைசிப் படிகளில், 11,000 வோல்ட்டிலும் அதற்குக் கீழேயும்தான் நடக்கின்றன.

கோல சிலாங்கூர் போன்ற ஒரு பட்டணத்தில் 11,000 வோல்ட் கேபிள் வளையமாக ஓடும். ஒரு துணைமின் நிலையத்திலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று சுற்றிப் போய் மறுபக்கத்தில் இன்னொரு மூலத்தைத் தொடும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் சுவிட்சைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறிய காட்டி உண்டு. பழுதுக்கு ஓடிய பெரிய மின்னோட்டம் தன் வழியாகக் கடந்திருந்தால் அது சிமிட்டும். கடக்காவிட்டால் சும்மா இருக்கும். மூன்றாவது நிலையத்தில் சிமிட்டுகிறது, நான்காவதில் சிமிட்டவில்லை என்றால் பழுது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

பதினாறு நிலையங்கள் இருந்தால் பதினாறையும் பார்க்க வேண்டியதில்லை. நேராக நடுவிலிருக்கும் எட்டாவதுக்குப் போ. அங்கே சிமிட்டினால் பழுது அதற்கு அப்பால், சிமிட்டாவிட்டால் இப்பால். மிச்சத்தை மறுபடி பாதியாக்கு. நான்கு நிறுத்தங்களில் இடம் பிடிபட்டுவிடும். இப்போது பல நிலையங்களைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்தே திறக்கவும் மூடவும் முடிகிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கேபிள் கெட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன், அந்த ஒரு துண்டின் இரு பக்கத்தையும் திறந்துவிட்டு, மற்ற எல்லோருக்கும் வளையத்தின் இரு பக்கங்களிலிருந்தும் கரண்டு கொடுத்துவிடலாம். மண்ணுக்கடியில் சரியாக எந்த இடத்தில் கெட்டது என்பதை நாளைக்குக்கூட நிதானமாகத் தேடலாம். ஊரில் யாரும் இருட்டில் இல்லை.

தோட்டத்துக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் வளையமில்லை; வால். சாலையோரத் துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பி, செம்பனைக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் போய், லயங்களுக்குப் பக்கத்திலுள்ள மின்மாற்றியில் முடிந்துவிடும். மறுபக்கத்திலிருந்து கொடுக்க மறுபக்கம் என்று ஒன்று இல்லை. பட்டணத்தில் பழுதை முழுசாகக் கண்டுபிடிக்கும் முன்பே விளக்கு எரிந்துவிடுகிறது. தோட்டத்தில் கண்டுபிடித்து, தோண்டி, இணைத்து முடித்தால்தான் எரியும். ஆக, தேடுபவன் ஒரு மணி நேரம் தாமதித்தால் பட்டணத்துக்காரருக்கு நஷ்டமில்லை, லயத்துக்காரருக்கு அது முழுதாக ஒரு மணி நேரம்.

இதில் ஒரு பாடம் நம் வீட்டுக்கும் உண்டு, சொல்லிவிட்டு நகர்கிறேன். வீட்டில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பான் திரும்பத் திரும்ப விழுகிறதா? எல்லாச் சிறிய சுவிட்சுகளையும் கீழே இறக்குங்கள். துண்டிப்பானை மேலே ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. அந்த வழியில் மாட்டியிருக்கும் கெட்டில், சலவை இயந்திரம், தண்ணீர்ப் பம்ப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பாதிப் பேருக்குப் பழைய கெட்டிலோடு முடிந்துவிடும். அப்படியும் விழுந்தால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். விழாமலிருக்கக் குச்சியை வைத்து முட்டுக் கொடுத்த வீட்டையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் கைக்குழந்தை வேறு இருந்தது.

நம் மண்ணின் பழுதுகள்

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதனதன் வியாதி உண்டு. நம் பகுதியில் முதல் எதிரி இடி. மேற்குக் கரைச் சமவெளியில் ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடிமுழக்கம் கேட்கிறது. உலகத்திலேயே அதிகமாக இடி இடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பாசிர் பெனாம்பாங் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று பீங்கான் தாங்கிகளில் படிந்துகொண்டே இருக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழும்போதுதான் ஆபத்து. பெருமழை உப்பைக் கழுவிவிடும். தூறலோ அதைக் கரைத்து மின்சாரம் ஓடும் பாதையாக்கிவிடும்.

ராஜா மூசா பக்கம் கரிமண். கால் வைத்தால் அமுங்கும். மின்கம்பங்கள் மெல்ல மெல்லச் சாயும், மண் இறங்க இறங்க உள்ளே கிடக்கும் கேபிள் இழுபட்டு இணைப்பில் விட்டுப்போகும். செம்பனையின் மட்டை ஐந்தாறு மீட்டர் நீளும்; காற்றில் ஆடி மேல்கம்பியைத் தொட்டால் போதும். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனையைத் தென்னமரம் தோட்டத்தில் நட்டபோது இதை நினைத்திருக்கமாட்டார். செம்பனைப் பழத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். பாம்பு வெதுவெதுப்பான இடம் தேடி மின்பெட்டிக்குள் நுழையும். புக்கிட் மலாவத்திக் குரங்குகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

மேலே ஓடும் கம்பிகளில் ஏற்படும் பழுதுகளில் பத்துக்கு ஏழெட்டு தற்காலிகமானவை. மட்டை தொட்டு விலகிவிடும், இடியின் பொறி அணைந்துவிடும். அதனால்தான் தானாகவே சில விநாடி கழித்து மறுபடி இணைக்கும் சுவிட்சுகளை வைத்திருக்கிறார்கள். விளக்கு ஒரு முறை அணைந்து எரிந்தால் அது வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். மண்ணுக்கடியில் உள்ள கேபிளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே கெட்டால் கெட்டதுதான்.

பழைய தோட்டத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் லயங்களுக்குத் தோட்டத்து ஜெனரேட்டரில்தான் கரண்டு. பொழுது சாய்ந்ததும் எரியும், இரவு பத்து மணி வாக்கில் ஒரு முறை மங்கி மிரட்டிவிட்டு அணைந்துபோகும். ஆலை உள்ள தோட்டங்களில் செம்பனை நாரையும் ஓட்டையும் எரித்து நீராவியில் சொந்தமாகவே மின்சாரம் தயாரித்தார்கள், இன்றும் தயாரிக்கிறார்கள். அந்தக் காலத்துக் கம்பிகளும் கேபிள்களும்தான் பல இடங்களில் பிறகு பொது மின்சாரத்தோடு இணைக்கப்பட்டன. அவை எங்கே புதைந்திருக்கின்றன என்பது பல நேரங்களில் ஒரு பழைய தாளில் மட்டும் இருக்கும். அந்தத் தாளை நம்பித்தான் ஒரு முறை நான் அவமானப்பட்டேன்.

60 மீட்டர்

2003ஆம் ஆண்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்போது பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் வரவில்லை. அதற்குச் சற்று உள்ளே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். மாலை நான்கு மணிக்குப் பெருமழை, மழையோடு கரண்டும் போய்விட்டது. எங்களுக்குத் தகவல் வந்து, சாமான்களை ஏற்றிக்கொண்டு நானும் ஒரு மலாய் நண்பரும் போய்ச் சேர இரவு எட்டரை.

லயங்களில் இருட்டைவிடப் பெரிய கவலை தண்ணீர். தோட்டத்துத் தொட்டிக்கு நீர் ஏற்றுவது மின்பம்ப். தொட்டி காலியாகிக்கொண்டிருந்தது. விடிகாலையில் பெரட்டு; அதற்கு முன்னால் குளித்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்குத் தயார்செய்ய வேண்டும். பெண்கள் வாளியோடு குழாயடியில் நின்றார்கள்.

பழுது மண்ணுக்கடியில் ஓடும் 11,000 வோல்ட் கேபிளில். இரு முனைகளையும் கழற்றி மெகர் வைத்துப் பார்த்தேன். மூன்று கம்பிகளில் இரண்டு சுத்தம். மூன்றாவது மண்ணுக்குக் கசிகிறது. இனி இடம் பிடிக்க வேண்டும்.

இதற்கு நாங்கள் எதிரொலியைப் பயன்படுத்துகிறோம். மலைக்கு எதிரே நின்று கூவினால் எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லலாம் அல்லவா, அதே கணக்கு. கேபிளின் ஒரு முனையில் மிகச் சிறிய மின் துடிப்பு ஒன்றை அனுப்பினால் அது மைக்ரோ விநாடிக்குச் சுமார் 160 மீட்டர் வேகத்தில் ஓடி, எங்கே கேபிளின் தன்மை மாறுகிறதோ அங்கே முட்டித் திரும்பும். சுத்தமான கேபிளில் கடைசி முனையில்தான் முட்டும். பழுது பலமாகக் கசியாவிட்டால் சாதாரணத் துடிப்புக்கு அது தென்படாது. உயர் அழுத்தம் கொடுத்துப் பழுதில் ஒரு கணம் பொறி எழுப்பி, அந்தப் பொறி அணையும் முன்பே துடிப்பை அனுப்ப வேண்டும்.

அன்று கடைசி முனையின் எதிரொலி 18 மைக்ரோ விநாடியில் வந்தது. போக ஒரு பாதி, வர ஒரு பாதி. கேபிளின் நீளம் 1,440 மீட்டர். பொறி எழுப்பிப் பார்த்தபோது 9.5 மைக்ரோ விநாடியில் ஒரு பள்ளம். 760 மீட்டர்.

அலுவலகத்திலிருந்து கிராணியார் கொடுத்த வரைபடத்தை விரித்தேன். கேபிள் நேர்கோடு. 760 மீட்டர் என்பது பந்துத் திடலின் நடுப்பகுதி. அங்கே போனோம். ஒரு முனையில் அதிர்வு மின்கருவியை வைத்துச் சில விநாடிக்கு ஒரு முறை உயர் அழுத்தத்தைக் கேபிளுக்குள் கொட்டச் செய்தோம். பழுதுள்ள இடத்தில் ஒவ்வொரு முறையும் பொறி வெடித்து மண்ணுக்கடியில் 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். அதைத் தரையில் வைக்கும் ஒலிவாங்கியாலும் காதில் மாட்டும் கருவியாலும் கேட்டுப் பிடிக்க வேண்டும். மழை விட்டு, லயங்களில் டிவி சத்தமும் இல்லாத இரவு. தவளைகளைத் தவிர இடைஞ்சல் இல்லை.

ஒன்றும் கேட்கவில்லை. பத்து மீட்டர் முன்னே, பத்து மீட்டர் பின்னே. திடலின் அகலத்தில் குறுக்கும் நெடுக்கும். மணி பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கேபிளின் பாதையைக் காட்டும் கருவி எங்களிடம் உண்டு. அன்று அதை வண்டியில் ஏற்றாமல் வந்தது நான். வரைபடம் இருக்கிறதே என்ற தைரியம்.

ஒரு மணி வாக்கில் லயத்துப் பக்கமிருந்து ஒரு பாட்டி டார்ச் விளக்கோடு வந்தார். கையில் தேத்தண்ணி.

"என்ன தம்பி, இன்னுமா கிடைக்கல?"

"இல்ல பாட்டி. இங்கதான் இருக்கணும். சத்தம் வரமாட்டேங்குது."

"இங்க ஏம்பா தேடுற? கேபிளு இப்படி நேரா வரலையே. கோயிலச் சுத்தில்ல வருது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"குழி வெட்டுனப்ப ஆளுங்களுக்கு நான்தான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தேன். முனியாண்டி கோயில் ஆலமரத்து வேர வெட்டக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு துரைகிட்டயே போய் நின்னாரு. அப்புறம்தான் அந்தப் பக்கமா ஒதுக்கி, சுத்திக் கொண்டாந்தாங்க."

வரைபடத்தை மறுபடி எடுத்தேன். அதில் எழுதியிருந்த மொத்த நீளம் 1,380 மீட்டர். கருவி சொன்னது 1,440. இந்த 60 மீட்டர் வித்தியாசத்தை இரவு ஒன்பது மணிக்கே பார்த்திருந்தேன். கேபிள் போடுபவர்கள் முனைகளில் கொஞ்சம் சுருட்டி விடுவது வழக்கம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோயிலை ஒட்டி முப்பது மீட்டர் விலகிப் போய், மறுபடி முப்பது மீட்டர் திரும்பி வந்தால் அறுபது. துடிப்பு ஓடியது கேபிளின் வழியாக. நான் நடந்தது தாளிலிருந்த கோட்டின் வழியாக. கருவியின் கணக்கில் பிசகில்லை. வரைபடத்தில் 760 என்று நான் நின்ற இடம், உண்மையில் 820.

அறுபது மீட்டர் பின்னால் போனோம், கோயிலைத் தாண்டிக் கேபிள் நேர்கோட்டுக்குத் திரும்பும் இடம். அங்கே ஒரு பாரிட். "போன மாசம்தான் வெள்ளம் வருதுன்னு மெசின் விட்டு ஆழமாக்கினாங்க" என்றார் பாட்டி. ஒலிவாங்கியைத் தரையில் வைத்த மூன்றாவது தடவையிலேயே தெளிவாகக் கேட்டது. தொப். நண்பரிடம் கொடுத்தேன், அவரும் தலையாட்டினார்.

தோண்டிப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மண் தோண்டும் இயந்திரத்தின் பல் கேபிளின் மேலுறையைக் கீறியிருக்கிறது, அவ்வளவுதான். உடனே ஒன்றும் ஆகவில்லை. நான்கு வாரம் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது. அன்றைய மழையில் பாரிட் நிரம்பியதும் தாங்கவில்லை. இடிதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வெட்டுவதற்கு முன் அந்தக் கேபிள்தானா, செத்துவிட்டதா என்று உறுதி செய்யும் சடங்குகள் உண்டு; தூரத்தில் நின்றபடி அதை ஊசியால் துளைக்கும் கருவி உட்பட. அதில் அவசரப்பட்டவர்கள் சிலர் இன்று இல்லை. ஈரம் ஏறிய பகுதியை வெட்டி எறிந்து, புதுத் துண்டு வைத்து இரண்டு இணைப்பு போட்டு முடிக்கக் காலை ஒன்பதரை ஆகிவிட்டது. பெரட்டுக்கு வந்தவர்கள் முகம்கூடக் கழுவாமல் எங்களைத் தாண்டி வேலைக்காட்டுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டே இணைத்தோம். பாட்டியை எட்டரை மணிக்கே யாராவது கேட்டிருந்தால் பெரட்டுக்கு முன்பே தண்ணீர் வந்திருக்கும்.

எதிரொலிக் கருவி வருவதற்கு முன்பும் இந்தத் தேடல் இருந்தது. 1870களின் தொடக்கத்தில் மதராசுக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போட்டார்கள். நம் முன்னோர்கள் கப்பலில் வந்த அதே கடல்தான். நடுக்கடலில் அப்படிப்பட்ட கம்பி கெட்டால் கரையில் உட்கார்ந்து கம்பியின் மின்தடையை அளந்து, இத்தனை மைலில் கெட்டிருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கப்பல் அனுப்பினார்கள். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அந்த முறையில்தான் வேலை செய்தார். பென்சிலும் பழைய மரப்பெட்டியும் வைத்துக்கொண்டு அவர் சொன்ன இடம், பல முறை நாங்கள் விலை உயர்ந்த கருவியில் சொன்னதைவிடச் சரியாக இருந்தது.

விழுந்த கம்பி

தேடுவதைப் பற்றிச் சொல்லும்போது, தேடாமலே கண்ணில் படும் பழுதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேல்கம்பி அறுந்து தரையில் கிடந்தால், வீட்டில் விளக்கும் எரியாவிட்டால், கம்பியில் கரண்டு இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அப்படியில்லை. உலர்ந்த மணல், கற்கள், தார்ச்சாலை போன்றவற்றின் மேல் விழுந்த கம்பியிலிருந்து மண்ணுக்கு ஓடும் மின்னோட்டம் குறைவாக இருக்கும். பாதுகாப்புச் சுவிட்சுக்கு அது ஒரு சாதாரண வீட்டின் பயன்பாடு போலத் தோன்றலாம், அது விழாது. கம்பி உயிரோடு கிடக்கும். துண்டித்திருந்தாலும், தானாக மறுபடி இணைக்கும் சுவிட்ச் இருக்கிறதே, அது எந்த விநாடியும் உயிர் கொடுக்கலாம்.

கம்பி விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். ஒரு கால் கம்பிக்குப் பக்கத்தில், மறுகால் சற்றுத் தள்ளி என்றால் இரண்டு கால்களுக்கும் நடுவே உடலின் வழியாக மின்சாரம் ஓடும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், அந்த வழியில் நெஞ்சும் இருக்கிறது. தோட்டத்தில் மாடு வளர்ப்பவர்கள் நிறையப் பேர். ஒரு தோட்டத்தில் விடியற்காலை மூன்று மாடுகள் செத்துக் கிடந்ததைத்தான் நாங்கள் பழுதுள்ள இடமாகக் கண்டுபிடித்தோம். அவற்றை ஓட்ட வந்த பையன் தூரத்திலேயே பயந்து நின்றுவிட்டான். அவன் பயம்தான் அவனைக் காப்பாற்றியது.

குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தரையில் தேய்த்தபடி சிறுகச் சிறுக நகருங்கள். மூங்கிலால் ஒதுக்கிவிடுகிறேன் என்று யாராவது கிளம்பினால் பிடித்து நிறுத்துங்கள்.

யாருடைய கம்பி?

தெனாகா நேஷனலுக்கு 15454 என்ற எண்ணில் சொன்னால் அவர்கள் வருவார்கள். ஆனால் அவர்களுடைய பொறுப்பு அவர்களுடைய மீட்டர் வரைக்கும்தான். தோட்டம் மொத்தமாக மின்சாரம் வாங்கித் தன் கம்பிகளில் லயங்களுக்குக் கொடுத்தால், மீட்டருக்கு இப்பால் இருப்பவை எல்லாம் தோட்டத்துடையவை. பழுதைத் தேட ஆள் கூப்பிட வேண்டியதும் நிர்வாகம்தான். 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் விதிமுறைகளும் இதற்குத் தகுதிச் சான்று பெற்ற ஆட்கள்தான் வேலை செய்ய வேண்டும் என்கின்றன. அதே 1990இல் வந்த தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446, தொழிலாளர் வீட்டுக்குப் போதுமான தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. கரண்டு போன இரவில் யாரைக் கூப்பிடுவது என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று மணி நேரம் வீணானதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் தொலைபேசி எண்ணை இன்றே கேட்டு வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்பது நல்லது.

கூப்பிடும்போது "கரண்டு இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குப் போனது, எந்த லயங்களுக்குப் போனது, எந்த லயத்தில் இன்னும் எரிகிறது, வெடிச் சத்தம் கேட்டதா, எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது, அண்மையில் எங்கே மண் தோண்டினார்கள், எந்த மரத்தை வெட்டினார்கள் என்பதையெல்லாம் சொல்லுங்கள். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும். ஸ்மார்ட் மீட்டர் வந்த வீடுகளில் கரண்டு இருக்கிறதா என்று மையத்திலிருந்தே பார்க்க முடிகிறது. ஆனால் மீட்டருக்குப் பாரிட் ஆழமானது தெரியாது.

கரண்டு வந்த பிறகு, அன்றைய வரைபடத்தில் கோயிலையும் ஆலமரத்தையும் போட்டு, அதைச் சுற்றிக் கேபிளைச் சிவப்பு மையில் வரைந்து, இரண்டு இணைப்புகள் இருக்கும் இடத்தையும் குறித்து அலுவலகத்தில் கொடுத்தேன். கிராணியார் ஒரு நகல் எடுத்து மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினார். இரண்டு ஆண்டு கழித்து அதே கேபிளில் வேறோர் இடத்தில் பழுது. நான் போகவில்லை, புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் போனார்கள். ஒன்றரை மணி நேரத்தில் இடத்தைப் பிடித்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள்.